பெரிய மானிட்டர் உடும்புகள்: நீளம் எதற்கு, எடை எதற்கு, பலம் எதற்கு?

மழைப்பல்லி (டெக்சாஸ்)

வணக்கம். பியர்டட் டிராகன் பல்லியும் அதற்குப் பிறகு அர்ஜென்டைன் டெகு என்ற பெரிய பல்லியும் வளர்த்துப் பழகியவன் நான். கராஜை ஒட்டி ஒரு அறை காலியாகிறது. அதை ஒரு பெரிய மானிட்டருக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஏஷியன் வாட்டர் மானிட்டர், பிளாக் த்ரோட் மானிட்டர், குரோகடைல் மானிட்டர் (சுருக்கமாகக் குரோக்), இந்த மூன்றில் ஒன்று. மாநிலச் சட்டம், ஊர்ச் சட்டம் இரண்டையும் பார்த்துவிட்டேன், எங்கள் பக்கம் தடை இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது அளவும் பலமும். வாட்டர் மானிட்டர் ஏழடி என்கிறார் ஒருவர், ஒன்பதடி என்கிறார் இன்னொருவர். குரோக் பத்தடி என்று அடித்துச் சொல்கிறார்கள். பிளாக் த்ரோட் குட்டை, ஆனால் முரட்டுப் பலம் என்றும் கேள்விப்பட்டேன். குட்டி விற்கிறவர் வாயில் வரும் எண்ணை வைத்துக் கூண்டு கட்ட முடியாது. கதவு எவ்வளவு கனம், மரக்கிளை எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று எல்லாமே இதைப் பொறுத்ததுதான். வளர்த்தவர்கள், காட்டில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


புலிக்கேசி77 (கோலாலம்பூர்)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குரோக்தான். உலகத்திலேயே நீளமான பல்லி, கொமோடோ டிராகனையே மிஞ்சியது நியூ கினியில் பிடிபட்டிருக்கிறது என்கிறார்கள். பல்லையும் நகத்தையும் பார்த்தாலே தெரியும். முதலைக்குச் சமமான கடி என்று ஒரு வீடியோவில் போட்டிருந்தார்கள். வாட்டர் மானிட்டர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லோங்கானில், அதாவது கால்வாயில், தினமும் போகிறது. குப்பை தின்று திரிகிற பியாவாக், அதைப் போய் இந்த வரிசையில் சேர்ப்பதா?


நெடுவால் (பென்சில்வேனியா)

நீளம் என்று சொல்லும்போது அந்த நீளம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் தம்பி. நான் வாட்டர் மானிட்டர் வளர்க்கிறேன். குரோக் வளர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் அதைக் கையாண்டும் இருக்கிறேன்.

குரோக் மானிட்டருக்கு மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வால்தான். 2.4 மீட்டர் குரோக் என்றால் மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துளை வரை சுமார் 80 சென்டிமீட்டர், மீதி 1.6 மீட்டர் சாட்டை மாதிரி மெலிந்த வால். வாட்டர் மானிட்டருக்கு வால் ஐந்தில் மூன்று பங்குக்குப் பக்கத்தில் வரும். அப்படியானால் 2 மீட்டர் வாட்டர் மானிட்டருக்கும் உடம்பு அதே 80 சென்டிமீட்டர். விளம்பரத்தில் ஒன்று எட்டடி, ஒன்று ஆறரை அடி. தரையில் பக்கத்துப் பக்கத்தில் விட்டால் உடம்பு ஒரே நீளம், வாட்டர் மானிட்டரின் உடம்புதான் பருமன்.

அதனால்தான் ஊர்வன ஆராய்ச்சிக்காரர்கள் மூக்கிலிருந்து கழிவுத் துளை வரை ஓர் அளவு, வால் ஓர் அளவு என்று தனித்தனியாக எழுதுகிறார்கள். மானிட்டருக்கு வால் நுனி போனால் மறுபடி முளைக்காது. காட்டில் பிடித்த பெரிய ஆண்களில் நுனி போனவை நிறைய. மொத்த நீளத்தை மட்டும் நம்பினால் வால் போன ஒரு பெரிய விலங்கு சின்னதாகிவிடும்.

இரண்டாவது, எடை. நீளம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்கு ஆவதில்லை. அதே உருவ வாகு இருந்தால் எட்டு மடங்கு ஆகும். 1 மீட்டரில் கையில் தூக்கித் திரிந்த விலங்கு 2 மீட்டரில் வேறு விலங்கு. முதல்முறை வளர்க்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் ஆண்டில் பார்த்த வேகத்தை வைத்துக் கூண்டு கட்டுவார்கள், மூன்றாம் ஆண்டில் அதை இடித்துவிட்டு மறுபடி கட்டுவார்கள்.

நிஜ எண்கள் விளம்பர எண்களை விடக் குறைவு. சுமத்ராவில் தோல் வியாபாரத்துக்காகப் பிடிபட்ட வளர்ந்த வாட்டர் மானிட்டர்களை அளந்தபோது சராசரி 1.4 மீட்டர் அளவில், மூன்றரை கிலோ அளவில்தான் வந்தது. பெரிய ஆண்கள் 16 முதல் 20 கிலோ வரை. அதற்கு மேல் சொல்லப்படும் எடை எல்லாம் எப்போதாவது வரும் அசாதாரண விலங்கு, அல்லது எலி தின்று கொழுத்தது. பிளாக் த்ரோட் 1.5 மீட்டரைத் தாண்டினாலே நல்ல அளவு. எடை பெரும்பாலும் 8 கிலோவுக்குள் நிற்கும், மிகப் பெரிய ஆண்கள் 15 கிலோவுக்கு மேலும் போனதுண்டு. அதன் வால் உடம்பை விடக் கொஞ்சம்தான் நீளம். ஆகவே ஓர் அடிக்கு எவ்வளவு சதை என்று கேட்டால் உங்கள் மூன்றில் முதலிடம் பிளாக் த்ரோட்டுக்குத்தான்.

வீட்டில் அளக்க டேப்பை உடம்பின் மேல் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். சுவரை ஒட்டி நடக்கவிட்டு, சுவரில் ஒட்டிய டேப்போடு சேர்த்து மேலிருந்து படம் எடுங்கள். எடைக்கு அது ஒளிந்துகொள்ளும் பெட்டியையே தராசில் வைத்துவிடுங்கள். உள்ளே போய்ப் படுத்ததும் பார்த்துவிட்டு, பெட்டியின் எடையைக் கழித்தால் போதும்.


ஏரிக்கரை (கண்டி)

புலிக்கேசி, நீங்கள் கால்வாயில் காண்பதை இங்கே நாங்கள் கபரகொய்யா என்கிறோம். கண்டி வாவியில் 3.21 மீட்டர் நீளமான ஒன்று இருந்ததாகப் பழைய பதிவு ஒன்று உண்டு. வாட்டர் மானிட்டருக்குச் சொல்லப்படும் ஆகக் கூடிய நீளம் அதுதான். நான் வாவிக் கரையில் தினமும் நடக்கிறவன். இப்போது காண்பவை பெரும்பாலும் ஐந்து, ஆறு அடி. ஏழடி என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தால் சனம் நின்று பார்க்கும். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு யாராவது பத்தடி வளரும் குட்டி தருகிறேன் என்று விற்றால் வாங்க வேண்டாம்.

அதோடு ஒரு விடயம். 2007-க்குப் பிறகு வகைப்பாட்டில் இலங்கைக் கபரகொய்யாவைத் தனித் துணையினமாக வைத்திருக்கிறார்கள். தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா பக்கத்து விலங்கு வேறு துணையினம். வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படுவது அநேகமாக அந்தப் பக்கத்துச் சரக்கு. இங்கே கபரகொய்யாவும் தலகொய்யாவும் (தரை உடும்பு) சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஆகவே கண்டியின் நீளத்தை இந்தோனேசியாவிலிருந்து வந்த குட்டியிடம் எதிர்பார்ப்பது சரியில்லை.

பலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மீன் கழிவு கொட்டும் இடத்தில் பெரிய சூரை மீன் தலையை ஒன்று கவ்வ, இன்னொன்று மறுபக்கம் கவ்வி இழுக்கும். இரண்டும் முன்கால்களை மண்ணில் ஊன்றி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, முழு உடம்பாலும் இழுப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் விளங்கும். வாய் பிடிக்கிறது, வேலை செய்வது கழுத்தும் தோளும்.


கோவளத்தான் (சென்னை)

ஏரிக்கரை சொன்ன கடைசி வரிதான் இந்த இழையில் முக்கியமானது. "முதலைக்குச் சமமான கடி" என்ற வீடியோவுக்கு அதுவே பதில்.

2008-ல் கொமோடோவின் மண்டையோட்டைக் கணினியில் மாதிரி செய்து கடியின் விசையைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய அதே அளவு மண்டையோடுள்ள உப்புநீர் முதலையோடு ஒப்பிட்டால் அது வெகு குறைவு. கொமோடோவின் மண்டையோடு லேசானது. நசுக்குவதற்காக அமைந்ததல்ல, கவ்வியபடி பின்னோக்கி இழுக்கும்போது வரும் விசையைத் தாங்க அமைந்தது. ரம்பம் போன்ற பல், பின்னால் இழுக்கும் கழுத்து, இரண்டும் சேர்ந்து சதையைக் கீறித் திறக்கின்றன. அப்புறம் 2009-ல் அதன் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டிய ஆய்வு வந்தது. அந்த விஷம் இரையை வீழ்த்துவதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களிடையே சண்டை நடக்கிறது. மானிட்டர் கடித்த இடம் எதிர்பார்த்ததை விட நீண்ட நேரம் ரத்தம் விடுவதையும் கடுகடுப்பதையும் கையாள்கிறவர்கள் பலரும் சொல்வார்கள்.

மழைப்பல்லி, உங்கள் டெகுவின் தலையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்குக் கன்னத்தில் இரண்டு பக்கமும் புடைத்த தசை. அது நசுக்குகிற கடி. சவானா, நைல் மானிட்டர்களுக்கும் வயதாக ஆகப் பின்பற்கள் மழுங்கி உருண்டு, நத்தை ஓட்டை உடைக்கத் தோதாகிவிடும். பிளாக் த்ரோட்டும் சவானாவின் நெருங்கிய சொந்தம், தலை அகலம், தாடை கனம். குரோக் மானிட்டர் நேர் எதிர்: பற்கள் நீளம், மற்ற மானிட்டர்களைப் போல அவ்வளவாகப் பின்னோக்கி வளையாமல் நேராக நிற்பவை, ஆழமாகப் போய் அறுப்பவை. விசை குறைவாக இருந்தாலும் விரலின் தசைநாண் அறுந்து போக அது போதும். எது பலமான கடி என்று கேட்பதை விட எந்தக் கடியால் கைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் உங்களுக்குப் பயன்படும்.

2001-ல் லாஸ் ஏஞ்சலஸ் விலங்குக் காட்சிசாலையில் கொமோடோவின் கூண்டுக்குள் போன பத்திரிகை ஆசிரியர் ஒருவரைக் காலணியைக் கழற்றச் சொன்னார்கள், வெள்ளைக் காலணி அதற்கு வெள்ளை எலியாகத் தெரியலாம் என்று. வெறும் காலையே கடித்துவிட்டது, தசைநாணுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அது வழக்கமாக மனிதரோடு பழகிய விலங்கு.


சுங்கைவாசி (சிங்கப்பூர்)

பலத்தை நேரில் பார்க்க ஆசையா? சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு வாருங்கள். வாட்டர் மானிட்டர் ஆண்கள் சண்டை போடுவதை அங்கே பார்த்திருக்கிறேன்.

வாலால் அடிக்காது, கடிப்பதும் அபூர்வம். இரண்டும் பின்னங்கால்களிலும் வாலிலும் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். முன்கால்களால் ஒன்றின் முதுகை ஒன்று கட்டிக்கொள்ளும். தலை ஒன்று இந்தத் தோளில், மற்றது அந்தத் தோளில். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டிப்பிடித்து நிற்பதாகத்தான் தோன்றும். பக்கத்தில் போனால் தொண்டை ஊதி ஊதி இறங்குவதும், பின்னங்கால் விரல்கள் சேற்றில் பதிந்து பதிந்து இடம் மாறுவதும் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஒன்று இடுப்பைத் திருப்பும், மற்றது மல்லாக்க விழும். எழுந்து மறுபடி. கடைசியில் ஒன்று விலகி நீரில் இறங்கிப் போய்விடும், ஜெயித்தது சேற்றில் தலையை உயர்த்தி நிற்கும்.

இதில் வாலின் வேலையைக் கவனியுங்கள். சாட்டை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். இங்கே அது மூன்றாவது கால். வால் அடிப்பகுதி பருத்த விலங்குக்கு இந்த மல்யுத்தத்தில் நல்ல ஊன்றுகோல் இருக்கிறது. குரோக் மானிட்டரின் மெல்லிய நீண்ட வால் மரத்தில் சமநிலைக்குப் பயன்படும்.


புலிக்கேசி77

சரி, தரையில் வாட்டர் மானிட்டர், ஒத்துக்கொள்கிறேன். மரத்தில் குரோக்கைப் பிடிக்க எது இருக்கிறது? பெரென்டி, லேஸ் மானிட்டர் பற்றி யாரும் பேசவில்லையே. நைலும் விட்டுப்போயிற்று.


செம்மண் (பிரிஸ்பேன்)

லேஸ் மானிட்டருக்காக நான் பேசுகிறேன், உரிமம் எடுத்து வளர்ப்பதால். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஊர்வன எதையும் தனியார் வளர்க்க முடியாது, வாட்டர் மானிட்டரும் குரோக்கும் எங்களுக்குக் காட்சிசாலையில் மட்டும். உள்நாட்டு இனங்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் உரிமம். லேஸ், பெரென்டி போன்ற பெரியவற்றுக்கு முன் அனுபவம் கேட்கும் மாநிலங்கள் உண்டு.

பெரென்டி எங்கள் கண்டத்தின் மிகப் பெரிய பல்லி. 2.5 மீட்டர் வரை சொல்வார்கள், சாதாரணமாக 2 மீட்டருக்குள். மத்தியப் பாலைவன விலங்கு. நீண்ட கழுத்து, நீண்ட கால், ஓட்டத்துக்கென்றே அமைந்த உடம்பு. அதே நீள வாட்டர் மானிட்டரை விட மெலிந்துதான் தெரியும். முயலைத் துரத்திப் பிடிக்கிற வேகம் அதற்கு உண்டு.

லேஸ் மானிட்டர் 2 மீட்டர் வரை வளரும், பெரிய ஆண் 14 கிலோவைத் தொட்டதுண்டு. மரம் ஏறுவதில் குரோக்குக்குச் சளைத்ததல்ல. பெண் ஒன்றின் வேலையைச் சொல்கிறேன், பலம் என்றால் என்னவென்று தெரியும். மரத்திலும் தரையிலும் இருக்கும் கரையான் புற்றின் சுவரை நகத்தால் குடைந்து உள்ளே முட்டையிடும். கரையான்கள் துளையை அடைத்துவிடும். உள்ளே சூடும் ஈரமும் மாறாமல் இருக்கும். மாதங்கள் கழித்துக் குட்டி பொரிக்கும் நேரத்தில் திரும்பி வந்து புற்றைத் தோண்டி வழி விடுகிறது, இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ந்த புற்றுமண்ணை மண்வெட்டியால் கொத்திப் பார்த்தவர்களுக்கு அந்த முன்கால்களின் வேலை புரியும்.

எங்கள் வீட்டில் இருக்கும் ஆண், கூண்டின் யூகலிப்டஸ் கிளையைப் பிடித்துக்கொண்டால் நான் இழுத்து எடுப்பதே இல்லை. ஒரு விரலைப் பிரித்தால் அடுத்த விரல் இறுகும். உடும்புப் பிடி என்று நாம் சொல்வது எந்த மிகையும் இல்லாத வார்த்தை. இழுத்தால் நகம்தான் பெயர்ந்து வரும், பிடி விடாது. அதுவாக இறங்கி வரட்டும் என்று காத்திருப்பேன்.

அப்புறம் எல்லோரும் மறப்பது சூடு. பலத்தை ஒப்பிடுகிறீர்களே, எந்த நேரத்தில்? விடியற்காலையில் 20 டிகிரியில் கிடக்கும் மானிட்டரும், விளக்கின் கீழே காய்ந்து 36 டிகிரி உடம்போடு எழும் மானிட்டரும் ஒரே விலங்கல்ல. குளிர்ந்த உடும்பைத் தூக்கிப் பழக்கிவிட்டு "என்னுடையது சாது" என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது சாதுவாக இல்லை, குளிரில் விறைத்திருக்கிறது.


நெடுவால்

செம்மண் அக்கா சொன்னதோடு மூச்சையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான பல்லிகள் வேகமாக ஓடும்போது சரியாக மூச்சு வாங்க முடியாது, விலா எலும்பை அசைக்கும் தசைதான் உடம்பையும் வளைக்கிறது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிற்கும். மானிட்டர்கள் தொண்டையை விரித்துச் சுருக்கி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகின்றன. 1999-ல் சவானா மானிட்டரை டிரெட்மில்லில் ஓடவிட்டு இதைக் காட்டினார்கள். சுங்கைவாசி பார்த்த அந்த ஊதும் தொண்டை இதுதான்.

வளர்க்கிறவருக்கு இதன் பொருள் எளிது. டெகுவையோ இகுவானாவையோ பிடித்தால் கொஞ்ச நேரம் திமிறிவிட்டு ஓய்ந்துவிடும். வாட்டர் மானிட்டர் ஓயாது. உங்கள் கை தளர்ந்த பிறகும் அதனிடம் மிச்சம் இருக்கும். திமிறும்போது உடம்பை அச்சில் சுற்றும், பின்னங்கால் நகங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு போடும். அடிக்கும் முன்னால் வால் ஒரு பக்கமாக வளைந்து இறுகி நிற்கும், தொண்டை பருக்கும், நீண்ட சீறல் வரும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு வேறு வேலை பாருங்கள்.

புலிக்கேசி கேட்ட நைல்: 2 மீட்டருக்கு மேலும் வளரும், தசை இறுக்கம், சுபாவம் கடினம். வாங்கியவர்கள் சமாளிக்க முடியாமல் வெளியே விட்டதாலும், தப்பியதாலும் புளோரிடாவின் கேப் கோரலில் 1990 வாக்கிலிருந்தே பரவிக்கிடக்கிறது. அங்கே தரையில் வளை தோண்டி வாழும் ஆந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. 2021-ல் புளோரிடா அதைத் தடைசெய்த இனங்களில் சேர்த்துவிட்டது. பலத்துக்காக நைல் வாங்குகிற யோசனையை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.


அடையாறுப்பையன்

அண்ணா, நானும் சென்னைதான். இங்கே வாட்டர் மானிட்டர் குட்டி கிடைக்கிறது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். வாங்கலாமா? வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்?


கோவளத்தான்

வாங்காதே தம்பி. இந்தியாவில் இருக்கும் நான்கு மானிட்டர் இனங்களும், நம்ம ஊர் உடும்பு, வாட்டர் மானிட்டர், மஞ்சள் உடும்பு, பாலைவன உடும்பு, எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அவர் "வெளிநாட்டுக் குட்டி" என்று சொன்னாலும் கதை மாறாது, அதே இனம்தான் சுந்தரவனத்திலும் பிதர்கனிகாவிலும் அந்தமானிலும் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தப் (CITES) பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளுக்கும் பதிவு கட்டாயம். அந்த எண்ணை வனத்துறைக்குக் கொடு.

நம்ம ஊர் உடும்பு சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். 1.75 மீட்டர் வரை வளர்ந்தவை பதிவில் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் வயல்வெளியில் ஒன்று கிணற்றுச் சுவரில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், செங்கல் இடுக்கில் நகத்தை மாட்டிச் செங்குத்தாக, அவசரமே இல்லாமல். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் என்று அடித்துத் தின்றே பல ஊரில் அதைக் காணாமல் செய்துவிட்டோம். கஞ்சிராவுக்கு ஒரு காலத்தில் அதன் தோலைத்தான் கட்டினார்கள். இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் நன்றாகவே வாசிக்கிறார்கள். "ஹத்தா ஜோடி" என்று மாந்திரீக வேர் விற்கிறார்களே, அது வேர் இல்லை, ஆண் உடும்பின் உறுப்பைக் காயவைத்தது. அதை வாங்குகிற ஒவ்வொருவர் காசுக்கும் ஓர் உடும்பு செத்திருக்கிறது. இழையின் தலைப்பிலிருந்து விலகினாலும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.


புலிக்கேசி77

கொமோடோவையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், வரிசை முழுமையாகட்டும்.


கோவளத்தான்

அது வளர்ப்பு விலங்கு வரிசையில் வராது. அனைத்துலக வணிகத்துக்குத் தடை, 2021-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று நிலை உயர்த்தினார்கள். அளவுகோலாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவான பெரியது 3.13 மீட்டர், 166 கிலோ, வயிற்றில் செரிக்காமல் இருந்த இரையையும் சேர்த்து. காட்டில் பெரிய ஆண்கள் 70 முதல் 90 கிலோ. கண்டிப் பதிவு 3.21 மீட்டர் என்றாரே ஏரிக்கரை, நீளத்தில் அது கொமோடோவை விட அதிகம். எடையில் பக்கத்தில்கூட வராது. நெடுவால் முதலில் சொன்ன கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.


மழைப்பல்லி

எல்லோருக்கும் நன்றி. படித்துப் படித்துக் குரோக் என் பட்டியலிலிருந்து போய்விட்டது. நீளத்துக்காக மட்டும்தான் அதை வைத்திருந்தேன். மரத்தில் வாழும், அறுக்கும் பல் கொண்ட, மெலிந்த விலங்கோடு ஒரே அறையில் நின்று சுத்தம் செய்வதை நினைத்துப் பார்த்தேன், நான் இன்னும் அதற்குத் தயாராகவில்லை.

வாட்டர் மானிட்டரா, பிளாக் த்ரோட்டா? அறை 14 அடிக்கு 9 அடி. நெடுவால் அண்ணா, கூண்டின் பலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.


நெடுவால்

இரண்டில் எது பலசாலி என்பதை விட எந்தப் பலம் உங்கள் அறையை எப்படி உடைக்கும் என்று யோசியுங்கள்.

பிளாக் த்ரோட் தோண்டும். ஆழமான மண் வேண்டும், உடம்பு மறையும் அளவுக்கு, வளை இடியாமல் நிற்கும் ஈரத்தோடு. ஒட்டுப்பலகை அடித்தளம் அந்த மண்ணின் எடையிலும் ஈரத்திலும் உப்பிப் போகும். தரையிலேயே கான்கிரீட் கட்டு போட்டு, சுவரில் நீர்புகாப் பூச்சு அடித்துவிடுங்கள். மூலையைத்தான் முதலில் தாக்கும், நாள் முழுக்க அதே மூலையை நகத்தால் பிறாண்டும். அங்கே தகரமோ டைலோ பதித்தால் போதும்.

வாட்டர் மானிட்டருக்குத் தண்ணீர். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன் எடை தரையில் நிற்கிறது. அதிலேயே கழிக்கும், தினமும் மாற்ற வேண்டியிருக்கும். வாளியால் அள்ளி மாற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் சில மாதத்தில் தொட்டியைச் சின்னதாக்கிவிடுவார்கள். ஆகவே முதல் நாளே தரையில் வடிகால் குழாய் போடுங்கள். மாடியில் இந்த ஆட்டம் வேண்டாம்.

கதவுக்கு நகரும் கண்ணாடி வைக்காதீர்கள். என் பழைய கூண்டில் இருந்தது, மூக்கை இடுக்கில் வைத்து, கழுத்தால் தள்ளி, பின் நகத்தை விட்டுத் திறந்துகொண்டது. கண்ணாடி உடையவில்லை, தண்டவாளம் வளைந்திருந்தது. கீல் கதவு, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், உள்பக்கம் நகம் மாட்ட இடமே இல்லாத விளிம்பு. விளக்குகளுக்குக் கம்பிக் கூடு கட்டாயம், தாவித் தொங்கும், தொங்கினால் வயர் வரும். படுத்துக் காயும் இடத்தில் மேற்பரப்பு 55 டிகிரிக்கு மேல் வர வேண்டும். பெரிய விலங்குக்கு ஒற்றை விளக்கு முதுகின் ஒரு வட்டத்தைச் சுடும், உடம்பு சூடாகாது. மூன்று நான்கு சிறிய விளக்குகளை வரிசையாக வையுங்கள்.

உணவில் கவனம். கொழுத்த எலியாகவே போட்டால் ஓராண்டில் தராசில் பெருமைப்படும் எண் வரும். அது கல்லீரலைச் சுற்றிய கொழுப்பு. காட்டில் சவானாவும் அதன் சொந்தங்களும் நிறையப் பூச்சியும் நத்தையும் தின்று வாழ்பவை. எடை அதிகமான பிளாக் த்ரோட் படியேற முடியாமல் வயிற்றை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பெரியது, பலசாலி என்று படம் போட்டிருந்தார்கள்.


செம்மண்

பெண்ணாக இருந்துவிட்டால் முட்டையிட ஆழமான, சூடான மண் வேண்டும், ஆணோடு சேர்க்காவிட்டாலும் முட்டை வரலாம். இடம் கிடைக்காமல் முட்டையை உள்ளேயே அடக்கிச் செத்துப்போகும். குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது கடினம். அதனால் இரண்டுக்கும் ஏற்றபடி அறையைக் கட்டுங்கள். பதினைந்து, இருபது வருடம் வாழும் விலங்கு, நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.


ஏரிக்கரை

காட்டில் பிடித்ததை வாங்காமல், அங்கேயே வளர்ப்பில் பொரித்த குட்டியாகக் கேளுங்கள். தோலுக்கும் செல்லப்பிராணி வியாபாரத்துக்கும் என்று சுமத்ரா, ஜாவாப் பக்கம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காட்டிலிருந்து வந்தது ஒட்டுண்ணியோடும் பயத்தோடும் வரும், அதன் பலம் எல்லாம் உங்களிடமிருந்து தப்புவதிலேயே போகும்.


மழைப்பல்லி

முடிவு செய்துவிட்டேன்: வளர்ப்பில் பொரித்த வாட்டர் மானிட்டர். அடுத்த வாரம் பிளம்பர் வருகிறார், தரையை உடைத்து வடிகால் போட. தொட்டி 1,000 லிட்டர், அறையின் தாழ்ந்த மூலையில். குழாய் எத்தனை அங்குலம் போடச் சொல்லட்டும்? மண்ணும் இலையும் சேர்ந்து வருமே.


நெடுவால்

மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள், வளைவுகளைக் குறைக்கச் சொல்லுங்கள். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் கையால் திறந்து சுத்தம் செய்கிற மாதிரி ஒரு வடிகட்டிப் பெட்டி வேண்டும். வால்வின் கைப்பிடி அறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் ஒரு நாள் அதுவே திறந்துவிடும்.